பக்கத்துக் குவாரியும் நம் ஃபில்டர் பாயிண்டும்

கேள்வி: என் நிலம் திருவையாறு வட்டத்தில் குடமுருட்டிப் பாசனத்தில் உள்ளது. பக்கத்துப் பட்டா நிலத்தில் சவுடு (பள்ளம் நிரப்பப் பயன்படும் மண்) எடுக்க அனுமதி வாங்கியவர்கள், சவுடு தீர்ந்து மணல் வந்த பிறகும் தோண்டிக்கொண்டே போனார்கள். இப்போது குழியில் ஊறும் நீரை இரண்டு மோட்டார் வைத்து இரவும் பகலும் வடிகாலில் இறைக்கிறார்கள். ஒரு மாதமாக என் ஃபில்டர் பாயிண்ட் (ஆழம் குறைந்த குழாய்க் கிணறு) மோட்டார் காற்றைத்தான் இழுக்கிறது. பாதையில் புழுதி அடங்குவதற்கான தண்ணீரையும் வாய்க்காலிலிருந்தே டேங்கரில் நிரப்பிக்கொள்கிறார்கள். கேட்டால், "எங்கள் பட்டா, எங்கள் தண்ணீர்" என்கிறார்கள். சட்டம் யார் பக்கம்?

பதில்: கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. வரையறுத்த தடத்தில் ஓடாமல் மண்ணுக்குள் பரவிக் கிடக்கும் நீரைத் தன் எல்லைக்குள் திரட்டிக்கொள்ள நில உடைமையாளருக்கு உரிமை உண்டு என்பதை 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தின் 7ஆம் பிரிவு ஒப்புக்கொள்கிறது. எனவே "என் நிலத்தடி நீரை எடுத்துவிட்டார்கள்" என்பதை மட்டும் நம்பி நீதிமன்றம் போனால் வழக்கு நொண்டும்.

ஆனால் வாய்க்கால் தண்ணீருக்கு இந்த வாதம் செல்லாது. ஆறு, வாய்க்கால், ஏரி ஆகியவற்றில் நிற்கும் நீரும் ஓடும் நீரும் அரசின் சொத்து என்று 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் சொல்கிறது. ஆயக்கட்டுக்கு (வாய்க்கால் பாசன வயல்களுக்கு) விட்ட நீரை நீர்வளத் துறையின் அனுமதியின்றி டேங்கரில் நிரப்ப எந்தப் பட்டாவும் உதவாது. டேங்கர் வாய்க்கால் கரையில் நிற்பதைத் தேதி தெரியும்படி படம் எடுத்து, உங்கள் பகுதி உதவிப் பொறியாளரிடம் எழுத்துமூலம் கொடுங்கள்.

குழி நீரைப் பொறுத்தவரை, தண்ணீர் யாருடையது என்ற கேள்வியை விட்டுவிட்டு, தோண்டும் அனுமதியில் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். பட்டா நிலமானாலும் 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகளின்படி அனுமதி பெற்றே மண் எடுக்க முடியும். 5 ஹெக்டேருக்குக் குறைந்த குத்தகைக்கும் சுற்றுச்சூழல் முன் அனுமதி தேவை என்று உச்ச நீதிமன்றம் 2012இல் தீபக் குமார் வழக்கில் கூறியது. எந்தக் கனிமம், எத்தனை மீட்டர் ஆழம், நிலத்தடி நீர்மட்டம் எங்கே என்பதெல்லாம் சுரங்கத் திட்டத்தில் இருக்கும். சவுடுக்கு வாங்கிய அனுமதி மணலுக்குச் செல்லாது. நீர்மட்டத்துக்குக் கீழே தோண்டக் கூடாது என்ற நிபந்தனையும் பெரும்பாலும் இருக்கும். குத்தகை ஆணை, சுரங்கத் திட்டம், சுற்றுச்சூழல் அனுமதி ஆகிய மூன்றின் நகலையும் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன் மாவட்டப் புவியியல் மற்றும் சுரங்கத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். (டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்பதால் குவாரிக்கே தடை என்று பலர் நம்புகிறார்கள். 2020ஆம் ஆண்டுச் சட்டத்தின் தடைப் பட்டியலில் எண்ணெய், எரிவாயு, உருக்காலை, தோல் பதனிடுதல் போன்றவை உள்ளனவே தவிர, சவுடு குவாரி இல்லை.)

அதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். தரைக்கு மேல் நிற்கும் மோட்டார் நடைமுறையில் சுமார் 25 அடிக்குக் கீழிருந்து நீரை உறிஞ்சாது. 22 அடியில் இருந்த மட்டம் 27க்கு இறங்கினாலே போதும், மண்ணுக்குள் தண்ணீர் இருந்தும் உங்கள் மோட்டார் காற்றைத்தான் இழுக்கும். இந்த ஐந்தடியை நீங்கள் எண்ணால் காட்ட வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் நைலான் கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் கனத்த நட்டு ஒன்றைக் கட்டி, விடியற்காலையில் மோட்டார் போடும் முன் பயன்பாட்டில் இல்லாத போர்க் குழாயில் இறக்குவார். 'தொப்'பென்ற சத்தம் கேட்டதும் முடிச்சை எண்ணிப் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொள்வார். அவ்வளவுதான் கருவி. "மேட்டூர் அணை மூடியிருக்கிறது, அதனால் இறங்கியது" என்று எதிர்த்தரப்பு நிச்சயம் சொல்லும். ஆகவே குவாரியிலிருந்து வெகுதூரம் தள்ளியுள்ள இன்னொரு போரிலும் அதே நாளில் அளந்து வையுங்கள். அங்கே ஓரடி இறங்கி உங்களிடம் ஐந்தடி இறங்கியிருந்தால், அந்த வித்தியாசத்துக்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

இந்தக் கணக்குடன் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். கலங்கிய நீரை வடிகாலில் விடுவது குறித்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் செல்வதானால், பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் செல்ல வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் கிடைக்கலாம். மனு மேல் மனுவாகக் கொடுத்தே இந்தக் கெடுவைத் தவறவிட்டவர்கள் நிறையப் பேர்.

கேள்வி: வேதாரண்யம் பக்கம் குத்தகை முடிந்து கைவிடப்பட்ட மணல் குழியில் நல்ல தண்ணீர் நிற்கிறது. நாற்றங்காலுக்கு இறைத்துக்கொள்ளலாமா?

பதில்: பட்டா நிலமானால் உடைமையாளரிடமும், புறம்போக்கானால் வட்டாட்சியரிடமும் எழுத்தில் இசைவு பெறுங்கள். இறைப்பதில்தான் கவனம் வேண்டும். கடலோரத்தில் நன்னீர், உப்புநீரின் மேல் மிதக்கிறது. மேலே நன்னீர் மட்டம் 1 அடி இறங்கினால் கீழே உப்புநீர் சுமார் 40 அடி ஏறும் என்பது நீரியலின் தோராயக் கணக்கு. ஆகவே பெரிய இன்ஜின் வேண்டாம். சிறிய மோட்டாரில், நீரின் மேல்பரப்பிலிருந்து, நாளுக்குச் சில மணி நேரம் மட்டும் எடுங்கள். வாரம் ஒரு பாட்டில் நீரை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து உப்பின் அளவைப் பாருங்கள். அது ஏறத் தொடங்கிய அன்றே மோட்டாரை நிறுத்திவிடுங்கள்.