நிரல் வெக்டரில் பின்னங்கள் ஒட்டிக்கொள்கின்றன. லாடெக்கில் இடைவெளி கொடுத்தும் ஏன் மாறவில்லை?

கணித ஆவணங்களை அச்சுக்கோக்கும் லாடெக்கில், அணிகளை எழுத உதவும் பிமேட்ரிக்ஸில் எழுதிய நிரல் வெக்டரில் (உறுப்புகள் மேலிருந்து கீழாக அடுக்கி நிற்கும் வெக்டர்), பின்னத்தை முழு அளவில் காட்டும் டிஃப்ராக் கட்டளையால் எழுதிய பின்னங்கள் ஒன்றோடொன்று முட்டுகின்றன என்றும், நிரையை முடிக்கும் இரட்டைப் பின்சாய்கோட்டை அடுத்துச் சதுர அடைப்புக்குறிக்குள் 3 பாயிண்ட் கொடுத்தும் அச்சில் மயிரிழைகூட நகரவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் நிரலாக்கத்தில் பிழை இல்லை. மாணவர்களுக்கு நேரியல் இயற்கணிதக் குறிப்புகள் தயாரித்தபோது நானும் இதே இடத்தில் ஒரு மாலை முழுவதும் நின்றிருக்கிறேன்.

லாடெக் அணியை அடுக்கும்போது நிரைகளுக்கு (கிடைவரிசைகளுக்கு) நடுவே தனியாக இடம் விடுவதில்லை; ஒவ்வொரு நிரையிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோலை நிறுத்தி, அதன் நீளத்தாலேயே நிரைகளை விலக்கி வைக்கிறது. 10 பாயிண்ட் எழுத்தும் 12 பாயிண்ட் வரி இடைவெளியும் உள்ள வழக்கமான ஆவணத்தில் அந்தக் கோல், எழுத்துகள் நிற்கும் அடிக்கோட்டுக்கு மேலே 8.4, கீழே 3.6 பாயிண்ட் நீளும். டிஃப்ராக்கில் எழுதிய 1/2 என்ற பின்னமோ மேலே சுமார் 13.2, கீழே சுமார் 6.9 பாயிண்ட் நீள்வதால், கோல் அதற்குள் மறைந்துவிடுகிறது; மேல் நிரையின் பகுதியும் கீழ் நிரையின் தொகுதியும் ஒட்டி நிற்கின்றன. நீங்கள் கொடுத்த 3 பாயிண்ட், கோலின் அடிநீளத்தோடுதான் கூட்டப்படுகிறது, பின்னத்தின் அடியோடு அல்ல: 3.6 உடன் 3 சேர்ந்து 6.6 ஆகிறது, பின்னத்தின் அடியை அது இன்னும் எட்டவில்லை. அங்கே 7 பாயிண்ட் கொடுத்துப் பாருங்கள், ஏறத்தாழ 3.7 பாயிண்ட் இடைவெளி உண்மையாகவே திறக்கும்.

பலர் பரிந்துரைக்கும், கோலின் நீளத்தைப் பெருக்கும் எண்ணான அரேஸ்ட்ரெச்சை 1.5 ஆக்கினாலும் கோல் 12.6, 5.4 என்றே வளரும், இரண்டுமே போதாது. 2 ஆக்கினால் பின்னங்கள் பிரியும், ஆனால் முதல் நிரைக்கு மேலேயும் வெற்றிடம் சேர்ந்து அடைப்புக்குறிகள் தேவையின்றி உயர்ந்துவிடும். அதை ஆவணத்தின் முகப்பில் எழுதினால் மற்ற எல்லா அணிகளும் அட்டவணைகளும் விரிந்துபோகும் என்பதால், பயன்படுத்தியே ஆகவேண்டுமானால் அந்த அணியோடு சேர்த்து நெளி அடைப்புக்குறிகளாலான ஒரு குழுவுக்குள் அடைத்து எழுதுங்கள்.

நான் கையாள்வது வேறு வழி. நிரை முடிந்ததும் நிரைகளுக்கு நடுவே எதையும் செருக உதவும் நோஅலைன் கட்டளைக்குள், செங்குத்து இடைவெளி விடும் விஸ்கிப் கட்டளையை 4 பாயிண்ட் என்று எழுதுகிறேன்; கோல் எவ்வளவு, பின்னம் எவ்வளவு என்று பாராமல் இரண்டு நிரைகளுக்கும் நடுவே சரியாக 4 பாயிண்ட் விழுகிறது.

ஆனால் எல்லா உறுப்புகளும் பின்னங்களாக இருந்தால், இடைவெளியைத் தொடுவதற்கு முன் பொதுப் பகுதியை வெளியே எடுக்க முடியுமா என்று பாருங்கள். 1/2, 2/3, 5/6 என்று மூன்று அடுக்காக நிற்கும் வெக்டரை 1/6 பெருக்கல் 3, 4, 5 என்று எழுதினால் முட்டுவதற்குப் பின்னமே இருக்காது, படிக்கும் மாணவருக்கு வெக்டரின் திசையும் உடனே புலப்படும்.