டெபியன் 12-இல் பைதான் நீட்சிகளின் -டிபிஜி பேக்கேஜ்களை ஏன் எடுத்துவிட்டார்கள்?

டெபியன் 12 லினக்ஸுக்கு மாறியதும் நம்பை (கணக்கீடு), சைகோபிஜி (டேட்டாபேஸ்) போன்ற, சியில் எழுதிய பைதான் நீட்சிகளின் -டிபிஜி (டிபக், அதாவது பிழை தேடும்) பேக்கேஜ்களைக் காணவில்லை, இனி எப்படி டிபக் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக உங்கள் சேர்வரில் ஏதோ ஒன்று சொல்லாமல் கொள்ளாமல் விழுகிறது, அதுவும் அவசர நேரம் பார்த்து. என்னைக் கேட்டால், அவை போனதே நிம்மதி.

அந்தப் பேக்கேஜுக்குள் இருந்தது இரண்டு வேறு சாமான்கள். ஒன்று டிபக் சிம்பல்கள், அதாவது விழுந்த இடம் சோர்ஸில் எந்த வரி என்று காட்டும் தகவல். அவற்றை 2015 கடைசியிலிருந்து -டிபிஜிசிம் என்று டெபியன் தானாகவே தயாரித்துத் தனியாக வைக்கிறது. மற்றது டிபக் பைதானுக்கென்றே (பிழை தேடக் கூடுதல் சோதனைகளோடு கட்டிய பைதான்) இன்னொரு தடவை கம்பைல் செய்த நீட்சி. 2019-இல் வந்த பைதான் 3.8-இலிருந்து டிபக் பைதான் சாதாரண நீட்சியையே ஏற்றிக்கொள்கிறது. பிறகு யாருக்காக எல்லாவற்றையும் இரண்டு தடவை கம்பைல் செய்வது?

மட்டக்களப்புப் படுவான்கரையில் ஒரு அரிசி மில். லொறித் தராசிலிருந்து நிறையை வாசித்து போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் போடும் பைதான் புரோகிராம் நான் எழுதியது, தராசோடு பேசும் சி நீட்சி மட்டும் தராசு விற்றவர்கள் சோர்ஸோடு தந்தது. பெரும்போக அறுவடையில் நெல் லொறிகள் வீதி வரைக்கும் நிற்கும்போதுதான் அது விழும். விற்றவர்களுக்குப் போன் எடுத்தால் "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க தம்பி" என்பார்கள். முதலாளி என்னைத்தான் பார்ப்பார்: "நீ எழுதினதுதானே மனே?"

அப்போது அங்கே டெபியன் 10, பைதான் 3.7. டிபக் பைதானில் ஓட்ட, உள்ளே வரும் ஒவ்வொரு சி நீட்சிக்கும் டிபக் வடிவம் வேண்டும். நம்பைக்கு உண்டு, சைகோபிஜிக்கு உண்டு, பிப்பில் (பைதானின் சொந்த இன்ஸ்டாலர்) எடுத்த ஒன்றுக்கு இல்லை, அவ்வளவுதான், இம்போர்ட் எரர். மற்றதெல்லாம் இருந்தும் பிரயோசனமில்லை.

டெபியன் 12 போட்ட பிறகு சந்தேகமான நீட்சியை மட்டும் பைதான்3-டிபிஜி (டிபக் பைதானின் பேக்கேஜ், அதை எடுக்கவில்லை) கொண்டு கம்பைல் செய்தேன், மற்றவை இருந்தபடியே ஏறின. டிபக் பைதானில் மட்டும் கிடைக்கும் சிஸ்.கெட்டோட்டல்ரெஃப்கவுண்ட்டை (எல்லாப் பொருள்களுக்கும் உள்ள ரெஃபரன்ஸ்களின், அதாவது அவற்றை எத்தனை இடத்தில் பாவிக்கிறார்கள் என்பதன், மொத்தம்) பார்த்துக்கொண்டிருந்தால், ஒவ்வொரு நிறுவைக்கும் மொத்தம் ஒன்று குறைகிறது. செட்டிங்கை எடுக்கும் பைடிக்ட்_கெட்ஐட்டம்ஸ்ட்ரிங் தருவது இரவல் ரெஃபரன்ஸ், அதை தராசு விற்றவர்கள் சொந்தப் பொருள்போல பை_டெக்ரெஃப் செய்து ஒன்று குறைத்திருந்தார்கள். அப்படி எடுத்தது, தராசு இணைப்பின் செட்டிங்கில் இருந்த ஸ்டொப் பிட், பெறுமதி 1. அந்த 1 பைதான் முழுக்கப் பொதுவாகப் பாவிக்கும் ஒரே பொருள், ரெஃபரன்ஸ் நிறைய இருக்கும், ஆகவே அந்தப் பழைய பைதான் 3.7-இல் சாதாரண நாட்களில் தாக்குப்பிடித்து, லொறி கூடினால் சீக்கிரம் பூச்சியத்துக்கு வந்து புரோகிராம் விழுந்திருக்கிறது. நான் எழுதியது அல்ல என்று முதலாளிக்குத் திரையில் காட்டினேன், தலையாட்டினார், புரிந்ததாகத் தெரியவில்லை.

"சாதாரண நீட்சியே ஏறுமென்றால் எதற்குத் திரும்பக் கம்பைல்" என்று யாராவது வருவதற்கு முதல் சொல்லிவிடுகிறேன்: ஏறும், ஆனால் அதற்குள் இருக்கும் பை_டெக்ரெஃப் சாதாரண வடிவிலேயே கம்பைல் ஆகியிருக்கும், அது அந்த மொத்தக் கணக்கில் சேர்க்காது. சந்தேகப்படுவதைக் கட்டாயம் டிபக்கில் கம்பைல் செய்யுங்கள். பை_டிரேஸ்_ரெஃப்ஸ் (எல்லாப் பொருள்களையும் பட்டியல் வைக்கும் தெரிவு) போட்டுக் கட்டிய பைதானுக்கு 3.12 வரை இந்தப் பொருத்தம் கிடையாது, அதுவும் தெரியும்.

சிம்பல்களுக்கு டிபக்இன்ஃபோடியை (அவற்றை நெட்டில் தரும் சேவை) போட்டுவிட்டால் ஜிடிபி என்ற டிபக்கர் தேவையானதை மட்டும் இறக்கும். எனக்கு அது பெரிய விஷயம். எங்கள் டேட்டா பேக்கேஜில் பெரும்பங்கு நள்ளிரவுக்குப் பிறகுதான் பாவிக்கலாம், பகலில் உழைக்கிறவனுக்கு இரவு டேட்டாவை விற்றுவிட்டு "அன்லிமிடெட் மாதிரி" என்று விளம்பரம் வேறு. அலாரம் வைத்து எழும்பி அப்டேட் இறக்குகிறவர்கள் களுவாஞ்சிகுடியில் நான் ஒருவன் மட்டுமில்லை. இதைச் சொன்னால் கொழும்பில் ஃபைபர் வைத்திருக்கிற நண்பர்கள் சிரிக்கிறார்கள்.