மேலாளர் ‘பெர்க்’ என்றால் புகார் கொடுக்கலாமா?

லண்டன் அலுவலகத்தில் தப்பான ஃபைலை அனுப்பியதற்கு மேலாளர் சிரித்துக்கொண்டே “யூ பெர்க்” என்றார், புகார் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சிரித்துக்கொண்டு சொன்னார் என்றால் விட்டுவிடுங்கள். நம் ‘மக்கு’ அளவுதான் அது.

ஆனால் வேர் கொஞ்சம் விவகாரமானது. கிழக்கு லண்டன் உழைக்கும் மக்களான காக்னிக்காரர்கள் ஒரு சொல்லுக்குப் பதிலாக, அதே ஓசையில் முடியும் தொடர் ஒன்றைப் பிடிப்பார்கள். அப்புறம் ஓசை ஒத்துப்போகும் பின்பாதியையே வெட்டிவிடுவார்கள்! ‘ஹெட்’டுக்கு ‘லோஃப் ஆஃப் பிரெட்’, கடைசியில் வெறும் ‘லோஃப்’. “யூஸ் யுவர் லோஃப்” என்றால் மூளையைக் கொஞ்சம் பயன்படுத்து என்று அர்த்தம்.

அதே கணக்கில் ‘பெர்க்லி ஹன்ட்’ சுருங்கி ‘பெர்க்’ ஆனது. குளோஸ்டர்ஷயர் பக்கத்து நரிவேட்டைக் குழு அது. ‘ஹன்ட்’டோடு ஓசை சேர்வது பெண்ணுறுப்பைக் குறிக்கும் படு மோசமான வசவு; இங்கே எழுத மாட்டேன். 1930களிலேயே ‘பெர்க்’ அச்சில் வந்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், ‘பெர்க்லி’ என்ற அந்த ஊர்ப் பெயரை அங்கே ‘பார்க்லி’ என்றுதான் சொல்வார்கள்.

இன்று இதைச் சொல்கிற பலருக்கு இந்தக் கதையே தெரியாது. உங்கள் மேலாளருக்கும் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன். அதற்காக அவரை நீங்கள் திருப்பி ‘பெர்க்’ என்றுவிடாதீர்கள், சரியா?