தாடை ஆபரேஷனும் பிளேட்டும்: வாசகர் கேள்விகள்

*மேல்தாடையை வெட்டி நகர்த்தி, எலும்பைப் பிடிக்க டைட்டேனியம் பிளேட் வைத்திருக்கிறார்கள். ஏர்போர்ட்டில் மணி அடிக்குமா? எம்ஆர்ஐ எடுக்கலாமா? (வாசகி, சுங்கை சிப்புட்)*

பொதுவாக அடிக்காது. எடுக்கலாம், படம் எடுப்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

*எலும்பு சேர்ந்துவிட்டது. பிளேட்டைக் கழற்ற வேண்டுமா?*

சீழ் இல்லை, வலி இல்லை, விரலுக்குத் தட்டுப்படவில்லை என்றால் அது பாட்டுக்கு இருக்கட்டும்.

*தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறேன். ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம், வலியே இல்லை. வேலைக்குப் போகலாமா?*

கூடாது. வலி போய்விட்டால் எலும்பு சேர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஆறு வாரமாவது பொறுங்கள். அண்ணாந்து அரிவாளை இழுக்கிற வேலை அது, மட்டை நழுவி முகத்தில் விழுந்தால் எல்லாம் வீண். அதுவரை கஞ்சி, குழைந்த சோறுதான். பசார் மாலாமில் கச்சான் வாங்கிக் கொறிக்க வேண்டாம். இதை எத்தனை முறை எழுதுவது!

*கரைந்துபோகும் பிளேட்தான் வேண்டும் என்று டாக்டரிடம் வற்புறுத்தலாமா?*

கேட்கலாம், அடம்பிடிக்காதீர்கள். கழற்ற இன்னொரு ஆபரேஷன் தேவைப்படாது என்பது உண்மை. ஆனால் டைட்டேனியத்தைவிடத் தடிமன், வலு குறைவு. எலும்பில் முதலில் மரை வெட்ட வேண்டும், இறுக்கும்போது திருகின் தலை முறிவதும் உண்டு. முழுக்கக் கரைய, பொருளைப் பொறுத்து, ஒரு வருடமும் ஆகலாம், நாலைந்து வருடமும் ஆகலாம். சின்ன நகர்த்தலுக்குச் சரி. மேல்தாடையைக் கீழே இறக்க வேண்டுமானால் நான் டைட்டேனியம்தான் எடுப்பேன்.

*மகனுக்குக் கீழ்த்தாடையைப் பின்னுக்குத் தள்ளினார்கள். எட்டு மாதத்தில் கடி, அதாவது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேரும் விதம், மறுபடி மாறுகிறது. மட்டமான பிளேட் போட்டு ஏமாற்றிவிட்டார்களா?*

கடிதத்தோடு எக்ஸ்ரே இல்லை. எத்தனை மில்லிமீட்டர் தள்ளினார்கள் என்று இல்லை. கடியைப் பிடித்து வைக்கப் பல்லில் மாட்டும் ரப்பர் வளையத்தை மகன் ஒழுங்காக மாட்டினாரா என்றும் இல்லை. பழி மட்டும் இருக்கிறது. இப்படிக் கடிதம் வந்துகொண்டேதான் இருக்கிறது.

ஐயா, பிளேட்டின் வேலை எலும்பு சேரும்வரை பிடித்துக்கொள்வது. ஆறு, எட்டு வாரக் காரியம். 1974இல் ஸ்பீசல் என்ற சர்ஜன், வெட்டி நகர்த்திய கீழ்த்தாடையைத் திருகால் இறுக்கும் முறையை எழுதும்வரை, கம்பியால் கட்டி வாயையே ஆறு வாரம் பூட்டி வைத்தார்கள். அதிலிருந்து இன்றைய 2 மில்லிமீட்டர் திருகு பெரிய முன்னேற்றம்தான். ஆனால் தசை இழுப்பதையும் நாக்கு தள்ளுவதையும் திருகு நிறுத்தாது. ஆபரேஷனில் கீழ்த்தாடையின் மூட்டுக் குமிழ், காதுக்கு முன்னால் உள்ள குழியில் சரியாக உட்காராவிட்டால் கடி சில வாரத்திலேயே காட்டிக்கொடுக்கும், எட்டு மாதம் காத்திருக்காது. எந்தப் பக்கம் நகர்த்தினோம் என்பதும் முக்கியம்: மேல்தாடையை மேலே ஏற்றினால் நன்றாக நிற்கும், கீழ்த்தாடையைப் பின்னுக்குத் தள்ளினால் அவ்வளவு நிற்காது, மேல்தாடையை அகலப்படுத்துவது எல்லாவற்றிலும் மோசம்.

அப்புறம், கடைசி வரியில் போகிற போக்கில் "வயது 17" என்கிறீர்கள். அதை முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும்! கீழ்த்தாடை நீண்ட பையன்களுக்கு அது இருபது வயது தாண்டியும் வளரலாம். வளர்கிற எலும்பை எந்தப் பிளேட்டும் பிடித்து நிறுத்தாது. பழைய பக்கவாட்டு எக்ஸ்ரேயையும் புதியதையும் எடுத்துக்கொண்டு ஆபரேஷன் செய்தவரிடமே போங்கள். வளர்ச்சி நின்றதா என்று தெரியாமல் இன்னொரு ஆபரேஷனுக்குத் தலையாட்டாதீர்கள்.

*கீழுதடு மரத்திருக்கிறது. பிளேட் காரணமா?*

பெரும்பாலும் வெட்டும்போது நரம்பு இழுபட்டதுதான். பலருக்கு மாதக்கணக்கில் மெல்லத் திரும்பும், சிலருக்குக் கொஞ்சம் நின்றுவிடும். சூடான காப்பியைப் பார்த்துக் குடியுங்கள்.