ரூட்டர் மாறியது, ஸ்பீக்கர் ஊமையானது

கேள்வி: என் கணவர் கோயிலில் நாதஸ்வரம் வாசிக்கிறார். நாகப்பட்டினத்திலிருந்து வந்து டர்பன், சாட்ஸ்வொர்த்தில் இருபது வருடமாக இருக்கிறோம். மகன் வேலை கிடைத்துக் கேப்டவுன் போனபோது, தன் பழைய ஐபோன் 6-ஐயும், கூப்பிட்டால் பதில் சொல்லும் ஸ்பீக்கர் ஒன்றையும் வீட்டில் விட்டுப் போனான். மூன்று வருடமாகக் காலை ஐந்தரைக்கு அதுதான் பாட்டுப் போட்டு எங்களை எழுப்பியது. போன மாதம் ஃபைபர்காரர்கள் வந்து புது ரூட்டர் மாட்டினார்கள். அன்றிலிருந்து ஸ்பீக்கர் ‘இன்டர்நெட் இல்லை’ என்பதையே திருப்பித் திருப்பிச் சொல்கிறது. அதன் ஆப்பைத் திறந்தால் ‘அப்டேட் செய்’ என்கிறது. செய்யப் போனால் இந்தப் போனுக்கு முடியாதாம். கடைக்காரர் புதுப் போன் வாங்கச் சொல்கிறார். பேசுவதற்கு எனக்குப் பொத்தான் போன் போதும். பாட்டுக் கேட்பதற்காக மூவாயிரம் ரேண்ட் கொடுக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம் அம்மா. உங்கள் ஸ்பீக்கருக்கு ஒன்றும் ஆகவில்லை, போனுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இந்த மாதிரி ஸ்பீக்கருக்கு ஆப் அவசியப்படுவது அநேகமாக ஒரே ஒரு வேலைக்குத்தான்: வீட்டு வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் அதன் காதில் போடுவதற்கு. போட்டுவிட்டால் அப்புறம் அது ரூட்டர் வழியாகத் தானே பாட்டை வாங்கிக்கொள்ளும். போன் அலமாரியில் சார்ஜ் இல்லாமல் கிடந்தாலும் பாட்டு வரும். இந்த மூன்று வருடத்தில் நீங்கள் அந்த ஆப்பை எத்தனை தடவை திறந்தீர்கள், யோசித்துப் பாருங்கள். இப்போது புது ரூட்டர் புதுப் பெயரோடு வந்திருக்கிறது. ஸ்பீக்கரோ பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கிறது.

ஸ்பீக்கருக்குப் புதுப் பெயரைச் சொல்லிக்கொடுக்க ஆப் வேண்டும். ரூட்டருக்குப் பழைய பெயரை வைக்க ஆப் வேண்டாம். அதைச் செய்யுங்கள்.

முதலில் பழைய வைஃபையின் பெயரும் பாஸ்வேர்டும் வேண்டும். பழைய ரூட்டர் இன்னும் வீட்டில் இருந்தால் கவிழ்த்துப் பாருங்கள், அடியில் ஸ்டிக்கர் இருக்கும். மகன் மாற்றி வைத்திருந்தால் அவரைக் கேளுங்கள். பிறகு ஐபோனைப் புது வைஃபையில் இணைத்து, இணையம் பார்க்கும் சஃபாரி ஆப்பில் ரூட்டரின் முகவரியை அடியுங்கள். பல ரூட்டர்களுக்கு அது 192.168.1.1. முகவரியும் உள்ளே நுழையும் பாஸ்வேர்டும் புது ரூட்டரின் ஸ்டிக்கரில் இருக்கும். வைஃபை பகுதிக்குப் போய்ப் பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் வைத்துச் சேமியுங்கள். அந்த நொடியே போனின் இணைப்பு அறுந்துபோகும், பயப்படாதீர்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை திறந்திருக்கட்டும். பாதுகாப்பு முறையில் டபிள்யூபிஏ2 இருக்கட்டும். டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்தால் பழைய ஸ்பீக்கர்கள் பல திணறும். கடைசியாக ஸ்பீக்கரின் ஒயரைப் பிடுங்கி அரை நிமிடம் கழித்துச் செருகுங்கள்.

எழுத்துக்கு எழுத்து சரியாக இருக்க வேண்டும். டர்பன் பக்கத்துப் பீனிக்ஸில் ஒரு வீட்டில் இதே வேலைக்குப் போய் மூன்று தடவை தோற்றேன். பெரிய எழுத்து, சின்ன எழுத்து எல்லாம் மாற்றிப் பார்த்தாயிற்று. ஸ்பீக்கரில் மஞ்சள் விளக்கு சுற்றிக்கொண்டே இருந்தது. வீட்டுக்காரம்மா சமையலறை டிராயரிலிருந்து ஒரு தண்ணீர் பில்லை எடுத்து வந்தார். பின்பக்கம் பையன் பென்சிலால் பெயரை எழுதியிருந்தான். இரண்டு சொல்லுக்கும் நடுவே நான் இடைவெளி விட்டிருந்தேன். அவன் அங்கே அடிக்கோடு (_) போட்டிருந்தான். அதை மாற்றினேன், விளக்கு அணைந்தது. அந்த அம்மா எனக்கு டீ போட்ட நேரத்தில் கால்வாசிகூட அதற்கு ஆகவில்லை.

ஒரு எச்சரிக்கை. யார் சொன்னாலும் ஐபோனிலிருந்து அந்த ஆப்பை அழிக்காதீர்கள். ‘அழித்துவிட்டுத் திரும்பப் போடுங்கள்’ என்பது எல்லோரும் சொல்லும் முதல் வைத்தியம். பழைய போனில் அது ஆபத்து, அழித்தது திரும்ப வராமலே போகலாம்.

பழைய பாஸ்வேர்டு கிடைக்கவே இல்லையென்றால், தெரிந்தவர் யாரிடமாவது புதிய போனை அரை மணி நேரம் இரவல் வாங்குங்கள். ஆப்பை இறக்கி, உங்கள் மகன் திறந்த கணக்கிலேயே நுழைந்து, ஸ்பீக்கரை இணைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். இரவல் கொடுத்தவரின் கணக்கில் இணைத்துவிடக் கூடாது. என் மைத்துனர் வீட்டில் அப்படித்தான் மருமகளின் கணக்கில் இணைத்துவிட்டார்கள். பூஜை நேரத்தில் பூஜை அறையிலிருந்து ‘பல் டாக்டரிடம் போக வேண்டும்’ என்று குரல் வந்தது.

ஆப் ஏன் கைவிட்டது என்றால், போன் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. ஐபோன் 6 வந்தது 2014-ல். 2019-ல் ஐபோனை இயக்கும் மென்பொருளான ஐஓஎஸ்ஸின் 13-ஆம் பதிப்பு வந்தபோது அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை, ஐஓஎஸ் 12-ஓடு சரி. ஆப் எழுதுகிறவர்கள் ஒவ்வொரு பழைய பதிப்பிலும் சோதித்துப் பார்க்க வேண்டும், பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க வேண்டும். ஒரு கட்டத்தில் போதும் என்று கோடு போட்டுவிடுகிறார்கள். வாட்ஸ்அப்பும் 2025-ல் ஐஓஎஸ் 15.1-க்குக் கீழே உள்ள போன்களை விட்டுவிட்டது. இதில் எனக்கு முழுக் கோபம் இல்லை. என் கோபமெல்லாம், பழைய ஆப்பை இருந்தபடி விட்டுவைக்காமல் கதவைச் சாத்துவதில்தான்.

விட்டுவைக்க முடியாது என்று சொல்லாதீர்கள். சோனோஸ் நிறுவனம் 2020 ஜனவரியில் தன் பழைய ஸ்பீக்கர்களுக்கு மே மாதத்தோடு அப்டேட் நிறுத்தம் என்று அறிவித்தது. வாடிக்கையாளர்கள் கொதித்துப்போனார்கள். அப்போது தலைமைப் பொறுப்பில் இருந்த பேட்ரிக் ஸ்பென்ஸ் மன்னிப்புக் கேட்டார். புதியவற்றுக்கு எஸ்2 என்று ஒரு ஆப், பழையவற்றுக்கு எஸ்1 என்று இன்னொன்று எனப் பிரித்தார்கள். அங்கே பழையதாகிப்போனது ஸ்பீக்கர், உங்கள் வீட்டில் போன். ஆனாலும் வழி அதேதான்.

இன்னொன்று. மின்சாரம் போய் வந்த பிறகும் ‘இன்டர்நெட் இல்லை’ என்று சொன்னால் எதையும் தொடாதீர்கள். 2023-ல் லோட் ஷெடிங் என்கிற முறைவைத்த மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது என் கடை ஸ்பீக்கர் தினமும் ரூட்டருக்கு முன்னால் விழித்துக்கொண்டு இப்படித்தான் புலம்பும். இரண்டு மூன்று நிமிடத்தில் தானே அடங்கிவிடும்.

கேள்வி: மலிவான ஸ்மார்ட்போன்களுக்கு வரி எடுத்துவிட்டார்களாமே, உண்மையா? இப்போது வாங்கலாமா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்)

பதில்: உண்மைதான். 2,500 ரேண்டுக்குக் கீழே உள்ள ஸ்மார்ட்போன்களுக்கு இருந்த 9 விழுக்காடு ஆடம்பர வரி 2025 ஏப்ரல் 1 முதல் இல்லை. வாங்கலாம். ஆனால் பெட்டியின் மேல் பெரிதாகப் போட்டிருக்கும் கேமரா எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். கடையிலேயே போனை உயிர்ப்பித்து, செட்டிங்ஸில் ஆண்ட்ராய்டு பதிப்பையும் கடைசிப் பாதுகாப்பு அப்டேட்டின் தேதியையும் பாருங்கள். தேதி இரண்டு வருடம் பழையதென்றால் பெட்டியை மூடிக் கொடுத்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.