பதில்: ஆனித் தேரோட்டம் கட்டுரையில் எதற்குப் பெரிய எழுத்து?

அண்ணாச்சி, ஆனித் தேரோட்டம் பற்றி மகள் ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரையில் ‘உள்ளூர் விடுமுறை’ என்பதற்குப் பெரிய எழுத்து போட்டதை டீச்சர் சுழித்துவிட்டார் என்று கேட்டிருந்தீர்கள். டீச்சர் சொன்னது சரிதான்.

கிழமை, மாதப் பெயர்கள் எப்போதும் சிறப்புப்பெயர்கள். பெரிய எழுத்து கட்டாயம். நாள், விடுமுறை, திருவிழா எல்லாம் தனியாக வந்தால் பொதுப்பெயர்கள். கோடையும் அப்படித்தான், நம்ம ஊர் வெயில் எவ்வளவு பெரிதானாலும் சின்ன எழுத்துதான்!

தேரோட்டத்தில்தான் பிள்ளைகள் குழம்புவார்கள். நெல்லையப்பர் கோயிலின் ‘ஆனித் தேரோட்டம்’ என்று முழுப்பெயராக எழுதினால் இரண்டு சொல்லுக்கும் பெரிய எழுத்து. ‘தேரோட்டம் பார்க்க ரதவீதிக்குப் போனோம்’ என்றால் தேரோட்டத்துக்குச் சின்ன எழுத்து போதும். பொங்கலும் இதே கதை: பண்டிகைக்குப் பெரியது, பானையில் பொங்குவதற்குச் சின்னது.

அப்புறம், தமிழ்ப் பரீட்சையில் இந்தக் கணக்கைப் போட வேண்டாம். பெயர்ச்சொல் வகை கேட்டால் திங்கள், ஆனி, நாள், ஆண்டு எல்லாமே காலப்பெயர். பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்ற ஆறில் ஒன்று.