சகலை போட்ட பட்டியலும் வங்கியில் கிடக்கும் வளையலும்

கேள்வி: மதுரையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கராக இருக்கிறேன். மனைவி பள்ளியில் வரலாறு எடுக்கிறார். மகனுக்கு 16 வயது, பொறியியல் படிக்க ஆசை. மகளுக்கு 10. மே விடுமுறையில் ஐந்து இரவு பாரிஸ் போகிறோம். விமான டிக்கெட், ஓட்டல், விசா எல்லாம் சேமிப்பிலேயே முடிந்துவிட்டது. கையில் இன்னும் 1,20,000 ரூபாய் இருக்கிறது. போன வருடம் போய்வந்த என் சகலை, “இதையெல்லாம் பார்க்காமல் திரும்பினால் போனதே தண்டம்” என்று ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார். அதைக் காட்டி டிராவல்ஸில் கேட்டால், சுற்றிப் பார்க்க மட்டும் 2,10,000 ஆகும் என்கிறார்கள். இரண்டு லட்சத்துக்கு நகைக்கடன் நல்லதா, கார்டில் நோ காஸ்ட் இ.எம்.ஐ. நல்லதா? மாதம் 15,000 வரை கட்ட முடியும். (மூன்று வருடம் முன்பு துபாய் போக 1,80,000க்கு வைத்த வளையல் இன்னும் வங்கியில்தான் இருக்கிறது. வட்டி மட்டும் தவறாமல் கட்டுகிறோம்.)

பதில்: கடைசி வரியை ஏன் அடைப்புக்குறிக்குள் போட்டீர்கள்? கடிதத்தில் முக்கியமான வரியே அதுதான்.

நீங்கள் கணக்கர். வட்டி என்றால் என்ன என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் இந்தக் கணக்கை நீங்கள் போட்டுப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். ஒன்பதரை சதவீதம் என்று வைத்தால் 1,80,000க்கு வருடம் 17,100. மூன்று வருடத்தில் 51,000 ரூபாய்க்கு மேல் கட்டிவிட்டீர்கள், அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை. துபாயில் பார்த்ததில் பாதி மறந்திருக்கும், வட்டி மட்டும் மாதாமாதம் நினைவூட்டிக்கொண்டிருக்கிறது. இதன் மேல் இன்னும் இரண்டு லட்சம் ஏற்றினால் கடன் 3,80,000. மாதம் 3,000 ரூபாய் வட்டிக்கே போய்விடும். வருடா வருடம் வட்டியைக் கட்டி மாற்றி வைக்கும் இந்தப் பழக்கம்தான் உங்கள் பிரச்சினை. பாரிஸ் போவதில் எனக்கு ஆட்சேபமே இல்லை.

நோ காஸ்ட் இ.எம்.ஐ. பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பெயருக்கு வட்டியில்லாத் தவணை. ஆனால் பிராசஸிங் கட்டணம் உண்டு, வட்டிப் பகுதிக்கு ஜி.எஸ்.டி. உண்டு, ரொக்கமாகக் கட்டினால் கிடைக்கும் தள்ளுபடி போய்விடும். அந்தப் பெயரை வைத்தவர் நல்ல நகைச்சுவை உணர்வுள்ளவர். அதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை.

இனி பட்டியலுக்கு வருவோம். நீங்கள் இணைத்திருந்த டிராவல்ஸ் தாளை இரண்டு முறை படித்தேன். செவ்வாய்க்கிழமை காலை லூவ்ர் அருங்காட்சியகம் என்று போட்டிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை லூவ்ருக்கு விடுமுறை! வெர்சாய் அரண்மனைக்கும் ஓர்சே அருங்காட்சியகத்துக்கும் திங்கட்கிழமை விடுமுறை. இதைக்கூடப் பார்க்காதவர்களிடம் இரண்டு லட்சத்தைக் கொடுக்கவா வளையலைக் கழற்றச் சொல்கிறீர்கள்?

யூரோவை, கார்டு கட்டணமெல்லாம் சேர்த்து 110 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஈஃபிள் டவர் உச்சிக்குத் தலைக்கு 75 யூரோ வீதம் நால்வருக்கு 300 என்று இருக்கிறது. டவரின் சொந்த இணையதளத்தில் 2025 கட்டணப்படி பெரியவருக்கு 36 யூரோ. மகனுக்கு அதில் பாதி, மகளுக்குக் கால்வாசி. ஆக நால்வருக்கும் 100 யூரோவுக்குள் முடிகிறது. லூவ்ரிலும் இதே கதைதான். 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பியர் அல்லாதவர்களுக்குக் கட்டணத்தை 32 யூரோவாக ஏற்றிவிட்டார்கள், அது உண்மை. ஆனால் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசம். உங்கள் தாளில் 55 வீதம் நால்வருக்கும் போட்டிருக்கிறது. கைடு வருவார் என்கிறார்கள், வரட்டும். பிள்ளைகள் இருவரும் சும்மா நுழையக்கூடிய வாசலுக்கு 110 யூரோ எதற்கு?

அடுத்து அந்தப் படகு விருந்து. சென் நதியில் டின்னர், நால்வருக்கு 480 யூரோ. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 53,000 ரூபாய். ‘விளக்கொளியில் பாரிஸ்’ என்று பெயர், கிளம்பும் நேரம் மாலை ஆறு மணி. மே மாதம் பாரிஸில் சூரியன் மறையவே ஒன்பது மணியைத் தாண்டிவிடும். பட்டப்பகலில் சாப்பிட்டுவிட்டு இறங்குவீர்கள். அதே நதியில் ஒரு மணி நேரச் சாதாரணப் படகுக்குப் பெரியவருக்குச் சுமார் 17 யூரோ. இருட்டிய பிறகு கிளம்பும் படகில் ஏறுங்கள். இறங்கி, ஈஃபிள் டவருக்கு எதிரே இருக்கும் த்ரொக்கதேரோ மேட்டில் போய் நின்றால், மணிக்கொரு முறை ஐந்து நிமிடம் டவர் முழுக்க மினுமினுக்கும். அதற்குக் காசு கிடையாது.

‘எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும்’ என்பதை விடுங்கள். லூவ்ரில் காட்சிக்கு வைத்திருப்பவை மட்டும் சுமார் 35,000. ஒன்றுக்கு அரை நிமிடம் என்றாலும் 290 மணி நேரம். உங்கள் சகலையும் எல்லாவற்றையும் பார்க்கவில்லை, மோனலிசா முன்னால் கூட்டத்தில் நின்று ஒரு செல்ஃபி எடுத்திருப்பார். உங்களுக்கு இருப்பது நான்கு முழு நாள். கடன் கிடைக்கிறது என்பதால்தான் எதையும் வெட்ட உங்களுக்கு மனம் வரவில்லை. 1,20,000தான் இருக்கிறது என்று உட்கார்ந்தால் தானாக வெட்டு விழும்.

நான் வெட்டினால் இப்படி வெட்டுவேன். மனைவி வரலாறு எடுக்கிறார், எனவே வெர்சாய்க்கு ஒரு முழு நாள். முதல் உலகப் போருக்குப் பின் 1919இல் உடன்படிக்கை கையெழுத்தான கண்ணாடி மண்டபத்தை அவர் நின்று பார்க்கட்டும். மகன் பொறியியல் படிக்க ஆசைப்படுவதாக எழுதியிருக்கிறீர்கள். சகலையின் பட்டியலில் இல்லாத ஆர் எ மெத்தியே அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போங்கள். 1909இல் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிய பிளெரியோவின் விமானம் அங்கே தொங்குகிறது, பூமி சுழல்வதைக் காட்டும் ஃபூக்கோவின் ஊசலும் இருக்கிறது. மகள் படம் வரைகிறாள் என்றால் ஓர்சே, அங்கே வான்கோ, மோனே. அவள் டிஸ்னிதான் வேண்டும் என்றால் வெர்சாய், டிஸ்னி இரண்டில் ஒன்று. அதை வீட்டில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், நான் தலையிட மாட்டேன். தீ விபத்துக்குப் பின் 2024 டிசம்பரில் மீண்டும் திறந்த நோத்ர தாம் தேவாலயத்துக்கு நுழைவுக் கட்டணமே இல்லை.

நால்வருக்கும் சேர்த்து, டவரில் உச்சியை விட்டு இரண்டாம் தளம் வரை மட்டும் லிஃப்டுக்கு 64 யூரோ, லூவ்ர் 64, ஓர்சே 32, வெர்சாய் 70, படகு 60, மகனின் அருங்காட்சியகம் 25. மொத்தம் 315 யூரோ, 35,000 ரூபாய். சாப்பாட்டுக்கு 50,000. விமான நிலைய ரயில், மெட்ரோ எல்லாம் 28,000. ஆக 1,13,000. மீதி ஏழாயிரத்தில் சாக்லேட் வாங்கலாம். கொழுந்தியாள் சென்ட் பாட்டில் கேட்டால் முன்பணம் வாங்கிக்கொள்ளுங்கள், கூச்சப்படாதீர்கள். இட்லி இல்லாமல் முடியாது என்றால் கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் லாச்சப்பல் என்ற பகுதி இருக்கிறது, ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக உண்டு. அங்கே ஒரு வேளை சாப்பிட்டால், டவரடியில் சாப்பிடுவதை விடப் பில் குறைவாகவே வரும். கார்டு தேய்க்கும்போது இயந்திரம் ‘ரூபாயா, யூரோவா’ என்று கேட்டால் யூரோவை அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் மாற்று விகிதத்தில் ஒரு கடி கடித்துவிடுவார்கள்.

மாதம் 15,000 கட்ட முடியும் என்றீர்களே, அதை இந்த மாதமே பழைய கடனின் அசலில் கட்டத் தொடங்குங்கள். பகுதி பகுதியாகக் கட்டலாமா என்று வங்கியில் கேளுங்கள். முடியாது என்றால் தனி ஆர்.டி. போட்டுச் சேர்த்து மொத்தமாகக் கட்டுங்கள். பதின்மூன்று மாதத்தில் வளையல் வீட்டுக்கு வந்துவிடும். டவர் லிஃப்ட் டிக்கெட்டைச் சுமார் 60 நாள் முன்புதான் இணையதளத்தில் திறப்பார்கள், நல்ல நேரங்கள் சட்டென்று தீர்ந்துவிடும். மே 14 ஏறுவதென்றால் மார்ச் 15 என்று காலண்டரில் குறித்து வையுங்கள்.